புதிய சமையல் கருவிக்கு என்ன பெயர் வைக்கலாம்? பட்டறைக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஒருவர் தம் பட்டறையில் நல்ல இடியாப்ப உரல் ஒன்றைச் செய்து முடித்துவிட்டால், அடுத்த பேச்சு பெயரைப் பற்றித்தான். "கேட்டதும் மனசுல நிக்கணும்" என்பார் ஒருவர். "என்ன சாமான்னு பேர்லயே தெரியணும்" என்பார் இன்னொருவர். "பிரீமியம்னு போடுங்க, விலைய ஏத்திக்கலாம்" என்று மூன்றாவது யோசனை வரும். எண் கணிதம் பார்க்கச் சொல்பவர் உண்டு. கடைசியாக, "எஸ்.எஸ்.எம்.மில் பதிஞ்சாச்சுன்னா பேரு நம்மளோடது, வேற யாரும் தொட முடியாது" என்று ஒருவர் தைரியம் சொல்வார். எஸ்.எஸ்.எம். என்பது தொழில்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையம்.

முதல் யோசனை பாதி சரி. இரண்டாவதும் மூன்றாவதும் நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டாலும் பெயரைப் பலவீனமாக்கும். ஐந்தாவது முழுத் தவறு. அதை நம்பி அச்சு, பெட்டி, லேபிள் எல்லாம் செய்து முடித்த பிறகு பெயரை மாற்ற நேர்ந்தால் சிறு பட்டறை தாங்காது. ஒரு பெயர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால் இந்த யோசனைகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானே தெளியும்.

கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். துருப்பிடிக்காத எஃகில் செய்த, கைப்பிடியைத் திருகி மாவைப் பிழியும் இடியாப்ப உரல். சந்தையில் கிடைக்கும் அலுமினிய உரலைப்போல் ஐந்து மடங்கு விலை. வாங்கப்போகிறவர்களில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் இருக்கிறார்கள். மலாயில் 'புத்து மாயாம்' எனப்படும் இடியாப்பம் இந்த நாட்டில் எல்லாருடைய காலை உணவும்தானே.

பெயரின் வேலை என்ன?

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நின்று "அண்ணே!" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "கண்ணாடி போட்ட அண்ணே!" என்றால் நாலு பேர் திரும்புவார்கள். நமக்கு வேண்டிய ஒருவர் மட்டும் திரும்ப வேண்டுமானால் அவருக்கே உரிய பெயரைச் சொல்ல வேண்டும். 'இடியாப்ப மேக்கர்' என்று பெட்டியில் எழுதுவது "அண்ணே" என்று கூப்பிடுவதுதான். 'ஸ்டீல் இடியாப்ப மேக்கர்' என்பது கண்ணாடி போட்ட அண்ணன். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டும் அடுத்த பட்டறைக்காரரின் உரலையும் சேர்த்தே கூப்பிடுகின்றன.

வாங்கியவர் தம் தங்கைக்குப் போன் போட்டு, "அந்த உரலையே வாங்கு" என்று சொல்லும் நேரத்தில்தான் பெயருக்கு வேலை வருகிறது. அந்தப் பேச்சில் எந்தச் சொல் 'அந்த' என்பதன் இடத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் பெயர். ஒரு பொருளை ஒரே தயாரிப்பாளரோடு இணைத்துக் காட்டும் இத்தகைய சொல்லையோ படத்தையோ வணிக முத்திரை என்கிறோம். அப்படி ஒருவரை மட்டும் சுட்டக்கூடிய திறனுக்குத் தனித்தன்மை என்று பெயர். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டம், அதாவது சட்டம் 815, முக்கியமாகப் பார்ப்பதும் இதைத்தான். தனித்தன்மை இல்லாத சொல்லையும், பொருளின் வகை, தரம், அளவு, பயன், மதிப்பு, பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் சொல்லையும் அதன் 23ஆவது பிரிவு பதிவுக்கு ஏற்பதில்லை.

ஆக, பொருள் என்னவென்று சொல்வது பெயரின் வேலை அன்று. அதைச் சொல்லப் பெயருக்குக் கீழே இரண்டாவது வரி இருக்கிறது.

பலவீனமான பெயரும் பலமான பெயரும்

பெயர்களை அவற்றின் பலத்தைக்கொண்டு ஐந்து படியாக அடுக்கும் பழக்கம் அமெரிக்க நீதிமன்றமொன்று 1976இல் தந்த தீர்ப்பிலிருந்து பரவியது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அடுக்கு எங்கும் பயன்படுகிறது.

அடித்தட்டில் இருப்பது பொதுப்பெயர்: உரல், துருவி, கத்தி. இவை யாருக்கும் சொந்தமாகாது. அதற்கு மேலே விவரிப்புப் பெயர்: 'ஈஸி பிழி', 'ஸ்டீல் பிரஸ்', 'சுவை'. பொருளின் குணத்தை நேராகச் சொல்பவை இவை. பல ஆண்டுகள் விற்று மக்கள் மனத்தில் ஒரே தயாரிப்பாளரோடு ஒட்டிக்கொண்டால் இவையும் முத்திரையாகலாம். ஆனால் அதற்கு நீண்ட காலமும் நிறைய விளம்பரமும் வேண்டும். சிலாங்கூர் என்பது ஒரு மாநிலத்தின் பெயர். 1885இல் தொடங்கிய ஈயப்பாத்திரத் தொழில் ஒன்று நூறாண்டுக்கு மேல் உழைத்து, 1992இல் 'ரோயல் சிலாங்கூர்' என்ற பெயரை எடுத்தபோது, அது ஊர்ப்பெயர் என்ற நிலையைத் தாண்டி எப்போதோ போயிருந்தது. நேற்றுத் தொடங்கிய பட்டறைக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலேயே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அங்கேதான் தொடங்கியது. தேங்காய்த் துருவி செய்கிற ஒருவர் 'தென்னமரம்' என்று பெயர் வைக்க ஆசைப்பட்டால் அந்த ஆசையில் குறையில்லை. ஆனால் அது ஊர்ப்பெயராகவும் இருக்கிறது, தேங்காய் எதிலிருந்து வருகிறது என்பதையும் சொல்கிறது. இரண்டு பக்கமும் பலவீனம்.

மூன்றாவது படி குறிப்புப் பெயர். நேராகச் சொல்லாமல் கோடிகாட்டும் பெயர் இது. கேட்பவர் ஒரு நொடி யோசித்துப் பொருளோடு இணைத்துக்கொள்வார். 'மைக்ரோபிளேன்' என்ற துருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மரவேலைக்காகச் செய்யப்பட்ட அராவும் கருவியாகத் தொடங்கிச் சமையலறைக்குள் வந்தது அது. பிளேன் என்றால் இழைப்புளி. எலுமிச்சைத் தோலை மிக மெல்லிய சீவலாக எடுக்கும் என்ற எண்ணம் பெயரிலிருந்தே கிளம்புகிறது, ஆனால் 'துருவி' என்ற சொல் அதில் இல்லை.

நான்காவது, தொடர்பில்லாச் சொல். அகராதியில் உள்ள சொல்தான். பொருளோடு மட்டும் சம்பந்தமில்லை. அடுப்புக்குப் 'பட்டர்ஃபிளை', மிக்சிக்குப் 'பிரீத்தி', ஃபிளாஸ்குக்கு 'டைகர்'. ஐந்தாவது, புனைசொல்: அகராதியிலேயே இல்லாமல் புதிதாகக் கட்டியது. டெஃப்ளான் பூச்சையும் அலுமினியத்தையும் சேர்த்து 1956இல் பிறந்த 'டெஃபால்' அப்படிப்பட்டது. 1990இல் வந்த 'ஆக்ஸோ' என்ற சமையல் கருவிப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளும் கிடையாகவும் செங்குத்தாகவும் தலைகீழாகவும் ஒரே மாதிரி வாசிக்கப்படும். கருவியை எப்படி வைத்தாலும் பெயர் நேராகவே தெரிகிறது.

சட்டத்தின் பார்வையில் ஐந்தாவது படிதான் மிகப் பலமானது. ஆனால் சிறு பட்டறைக்கு அதுவே சிறந்தது என்று சொல்ல மாட்டோம். புனைசொல் காலியான பாத்திரம். அதில் பொருளை நிரப்ப விளம்பரப் பணம் வேண்டும். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு மூன்றாவது, நான்காவது படிகளே ஏற்றவை. பாதி வேலையை அந்தச் சொல் ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது.

'பிரீமியம்' என்று எழுதினால் உயர்ந்ததாகிவிடுமா?

ஆகாது. பிரீமியம், ரோயல், கோல்ட், சூப்பர், எக்ஸ்கிளூசிவ் போன்றவை புகழ்ச்சொற்கள், அதாவது தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் சொற்கள். சட்டம் இவற்றை விவரிப்புப் பெயரோடு சேர்த்தே பார்க்கும். வாங்குபவரும் நம்புவதில்லை, ஏனென்றால் ஐந்து ரிங்கிட் கரண்டியிலும் இதே சொற்கள் இருக்கின்றன. அரச ஆதரவு இருப்பதாகத் தோன்றவைக்கும் 'டிராஜா', 'ரோயல்' போன்ற சொற்களில் வேறு சிக்கலும் உண்டு. அனுமதியின்றி அவற்றின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

விலை உயர்ந்த பொருளின் பெயர் பெரும்பாலும் ஒரே சொல். எண் இல்லை, 'பிளஸ்' இல்லை, மெச்சல் இல்லை. உயர்வைக் காட்டுவது பெயருக்குக் கீழே இருக்கும் துல்லியமான விவரம். '304 எஃகு, 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல்' என்று எழுதினால், உப்புப் போட்ட மாவு பட்டுப்பட்டுத் துருவேறிய மலிவு உரலைத் தூக்கிப் போட்டவருக்கு அது உடனே புரியும். ஆனால் மலிவான 201 ரக எஃகில் செய்துவிட்டு 304 என்று எழுதக் கூடாது. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவது குற்றம். எஃகு வாங்கும்போதே விற்றவரிடம் தரச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெயர் ஒருவரை மட்டும் சுட்ட வேண்டும். விவரிக்கும் சொல்லும் மெச்சும் சொல்லும் அதைச் செய்யா. கோடிகாட்டும் சொல் அல்லது தொடர்பில்லாச் சொல் சிறு தொழிலுக்கு ஏற்றது. விவரமெல்லாம் இரண்டாவது வரிக்குப் போகட்டும்.

மலாய்க் காதில் எப்படி விழுகிறது?

மலேசியாவில் தமிழ்ப்பெயர் வைப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் உரலுக்கு இயல்பாகத் தோன்றும் அழகான தமிழ்ச்சொற்கள் சிலவற்றை ரோமன் எழுத்தில் எழுதி, ஒரு மலாய்க்காரர் வாசித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

'மதி' நமக்கு நிலவும் அறிவும். 'எம்-ஏ-டி-ஐ' என்று எழுதினால் மலாயில் 'செத்துப்போன' என்று பொருள். 'திரி' என்றால் முறுக்கிய நூல், இடியாப்பத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் மலாயில் 'திரி' என்பது மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் உறவைக் குறிக்கும் சொல். 'இபு திரி' என்றால் சிற்றன்னை. 'சரம்' பூச்சரத்தை நினைவூட்டும். மலாய்க் காதுக்கு அது 'செராம்' என்பதற்கு மிக அருகில் ஒலிக்கும், அச்சமூட்டுவது என்று பொருள். 'நிலா' எவ்வளவு இனிமையான பெயர்! மலாயில் 'நீலா' என்றால் அவுரிச் சாயம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'கெரானா நீலா செதித்திக், ரோசாக் சுசு செபெலாங்கா' என்பது பள்ளிப் பிள்ளைகள்வரை எல்லாருக்கும் தெரிந்த மலாய்ப் பழமொழி: ஒரு சொட்டு நீலத்தால் பானைப் பால் முழுவதும் கெட்டது. சமையல் பாத்திரத்துக்கு வைக்கக்கூடிய பெயரா அது?

'முத்து' வேறு விதமான பாடம். 'எம்-யு-டி-யு' என்று எழுதினால் மலாயில் 'தரம்' என்று பொருள். 'பெர்முத்து' என்றால் தரமான. கேட்க நல்ல செய்திபோல் இருக்கிறது. ஆனால் தரத்தைச் சொல்லும் சொல் விவரிப்புப் பெயர் என்று பார்த்தோமே. தமிழில் தொடர்பில்லாச் சொல்லாக இருந்தது மலாய்க்குப் போனதும் இரண்டு படி கீழே இறங்கிவிடுகிறது. பதிவு அதிகாரி மலாய் தெரிந்தவர் என்பதை மறக்க வேண்டாம். தமிழ் எழுத்தில் எழுதி மறைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ரோமன் அல்லாத எழுத்தில் உள்ள முத்திரைக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் சேர்த்துத் தர வேண்டும். 'தரம்', 'சுவை', 'நளபாகம்' எல்லாம் அங்கே பொருளோடுதான் போய் நிற்கும்.

அடுத்தது எழுத்து. மலாயில் ஆங்கிலச் 'சி' எழுத்து 'ச' ஒலி. ஆங்கிலம் படித்தவர் அதையே 'க' என்பார். ஆகவே 'சக்ரா' என்று நீங்கள் நினைத்தது ஒருவர் வாயில் சக்ராவாகவும் இன்னொருவர் வாயில் கக்ராவாகவும் வரும். இரட்டை 'இ'யும் இரட்டை 'ஓ'வும் மலாய் எழுத்துமுறையில் நெடில் ஒலியைக் காட்டா. 'இழை' என்பது இந்த உரலுக்குத் தமிழில் ஆகச் சிறந்த குறிப்புப் பெயராக இருந்திருக்கும். ஆனால் 'இசட்-எச்' போட்டு எழுதினால் மற்றவர்களால் வாசிக்க முடியாது, 'எல்' போட்டு எழுதினால் இலையாகிவிடும். மனம் வராவிட்டாலும் விடத்தான் வேண்டும். ஏ, ஐ, யு, ஓ என்ற தனி உயிர்களும் கே, எல், எம், என், பி, ஆர், எஸ் போன்ற ஒற்றை மெய்களும் மூவினத்தவர் வாயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். சீன மொழி பேசுவோரில் பலருக்கு 'வி' ஒலி 'டபிள்யூ' ஆகும். அது சின்ன மாற்றம். பெயர் அடையாளம் தெரியும்வரை பிரச்சினையில்லை.

மொழிச் சிக்கலைத் தாண்டும் பழைய வழி ஒன்று இந்த மண்ணிலேயே இருக்கிறது: படமாகக் கண்ணில் தெரியும் பெயர். தோட்டத்து வீடுகளில் கோடாலித் தைலம் இல்லாத அலமாரி அரிது. தமிழர் கோடாலி என்றனர், மலாய்க்காரர் 'சாப் காப்பாக்' என்றனர், சீனர் தம் மொழியில் சொன்னார்கள். புட்டியில் இருந்த கோடாலிப் படம் எல்லாரையும் ஒரே புட்டிக்கு அழைத்துப் போனது. ஜப்பானிய 'ஸோஜிருஷி' என்ற பெயருக்கே யானை மார்க் என்றுதான் பொருள். எழுத்துத் தடுமாறும் இடத்தில் படம் தடுமாறுவதில்லை. உங்கள் பெயர் எளிதில் வரையக்கூடிய ஒன்றாக இருந்தால் அதை ஒரு பெரிய அனுகூலமாகவே எண்ணுங்கள்.

ஒலிக்கும் உருவத்துக்கும் உள்ள உறவு

பெயரின் ஒலி பொருளைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 1929இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 'மில்', 'மால்' என்ற பொருளற்ற இரு சொற்களைக் கொடுத்து, எது பெரிய மேசை என்று கேட்டபோது பெரும்பாலோர் 'மால்' என்றனர். 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் வளைந்த உருவம் ஒன்றையும் முள்முள்ளான உருவம் ஒன்றையும் காட்டி, எது 'பூபா', எது 'கிகி' என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களிலும் இந்தியாவின் தமிழ் பேசுவோரிலும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வளைந்ததைப் பூபா என்றும் முள்ளுருவைக் கிகி என்றும் சொன்னார்கள். இதற்கு ஒலிக்குறிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: ஒலியே உருவத்தைத் தோன்றச் செய்வது.

கத்திக்கும் துருவிக்கும் க, ட, இ போன்ற கூரிய ஒலிகள் பொருந்தும். கனமான, உருண்டையான பொருளுக்கு ம, ப, ல, உ, ஓ பொருந்தும். நம் உரல் கனமான உருளை, ஆனால் அதிலிருந்து வருவது மெல்லிய நூல். அதனால் இரண்டும் கலந்த ஒலி கேட்டால் நன்று. இதற்குமேல் ஒலிக்குறிப்பை நம்ப வேண்டாம். கடைசியில் மூன்று பெயர் மிஞ்சி அவற்றுள் ஒன்றை எடுக்கத் தடுமாறும்போதுதான் இது கைகொடுக்கும்.

சொல் திரட்டுவது, கழிப்பது

ஒரு மாலையில் உட்கார்ந்து பெயர் யோசித்தால் முதலில் வருவது எல்லாருக்கும் வரும் பெயர்கள்தான். குறைந்தது 60 சொற்களாவது எழுதுங்கள். நான்கு ஊற்றுகளிலிருந்து எடுக்கலாம்: கருவியின் பாகங்கள் (திருகு, சில்லு, உருளை, கைப்பிடி), அதன் அசைவு (திருகுதல், இறங்குதல், சுற்றுதல்), அதனால் வரும் பயன் (நூல், நெளிவு, ஆவி பறக்கும் தட்டு), பிறகு முற்றிலும் சம்பந்தமில்லாத உருவங்கள் (பறவை, சங்கு, மரம், விளக்கு). நான்காவதை விட்டுவிடாதீர்கள், நல்ல பெயர்கள் அங்கேயிருந்துதான் அதிகம் கிடைக்கும்.

பிறகு கழித்தல். விவரிப்புச் சொற்கள், புகழ்ச்சொற்கள், ஊர்ப்பெயர்கள் முதலில் போகட்டும். மலாய் அகராதியில் ஒவ்வொன்றையும் தேடி, மோசமான பொருள் வருவதை அடியுங்கள். மிஞ்சியதைப் போனில் சொல்லிப் பாருங்கள்: எழுத்துக் கூட்டாமல் ஒரே தடவை சொல்லி, மறுமுனையில் இருப்பவரை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். ஐந்து பேரிடம் செய்து நான்கு பேராவது ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறியது. ஆளுக்கு ஒரு விதமாக எழுதினால், வாங்க நினைப்பவர் ஷாப்பி போன்ற இணையக் கடையில் தேடும்போதும் அப்படித்தான் எழுதுவார். உங்கள் உரல் அவருக்குக் கிடைக்காது.

எண் கணிதம் பார்ப்பவர்கள் இதே காரணத்துக்காக அதை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுவது நல்லது. பெயர் முடிவான பிறகு கூட்டுத்தொகைக்காக ஒலியில்லாத எழுத்து ஒன்றைச் சேர்த்தால் போன் சோதனையில் தேறிய பெயரும் தோற்றுப்போகும். எழுத்துக் கூட்டாமலேயே எண் பொருந்தும் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உறவினரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்கக் கூடாது. அன்புள்ளவர்கள் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். பெயரை மட்டும் சொல்லி, "இது என்ன மாதிரி சாமான்னு நினைக்கிறீங்க? என்ன விலை இருக்கும்?" என்று கேளுங்கள். விலையைக் குறைவாகச் சொன்னால் அந்தப் பெயர் உயர்விலைப் பொருளைத் தாங்காது. மூன்று நாள் கழித்து அதே ஆட்களிடம் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். மனத்தில் நிற்கிறதா என்பதற்கு இதைவிட நேரான சோதனை கிடையாது.

நம் எடுத்துக்காட்டு உரலுக்கு 'வலம்புரி' என்ற சொல் இந்தச் சோதனைகளை ஓரளவு தாண்டுகிறது. கைப்பிடியை வலமாகத் திருகினால் மாவு இறங்குகிறது. வலம்புரிச் சங்கும் வலமாகவே சுழிகிறது, கிடைப்பதற்கும் அரியது. குறிப்புப் பெயருக்கு நல்ல மாதிரி. மலாயில் 'புரி' என்றால் அரண்மனை, கெட்ட பொருள் இல்லை. சங்கை வரைவது எளிது. இரண்டு குறைகளும் உண்டு. சங்குக்கு வழிபாட்டுத் தொடர்பு இருப்பதால் எல்லா இனத்தாருக்கும் விற்கும் பொருளுக்கு அது ஏற்றதா என்று யோசிக்க வேண்டும். தமிழர் தொழில்களில் ஏற்கெனவே விரும்பப்படும் சொல் என்பதால் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடாமல் ஓரடியும் வைக்கக் கூடாது.

எங்கே தேடுவது, எங்கே பதிவது

இங்கேதான் மூன்று வெவ்வேறு பதிவுகளைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் செய்வது தொழில் பதிவு. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். இன்னார் இந்தப் பெயரில் தொழில் செய்கிறார் என்று அரசுக்குத் தெரிவிப்பது அது, அவ்வளவே. அந்தப் பெயரைப் பொருளின் மேல் போட்டு விற்கும் தனி உரிமை அதனால் வராது. இணைய முகவரி பதிவதும் அப்படியே; முகவரி உங்களுடையது, பெயர் உங்களுடையதாகாது.

பெயருக்கான உரிமை மைப்போ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் வணிக முத்திரையாகப் பதியும்போதுதான் கிடைக்கிறது. பதிவு பொருள் வகுப்புவாரியாக நடக்கும். நைஸ் வகைப்பாடு என்ற உலக அட்டவணையில் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கத்தி, தோல் சீவி போன்ற கைக்கருவிகள் 8ஆம் வகுப்பு. சட்டி, துருவி, இடிகல், கையால் இயக்கும் நூடுல்ஸ் இயந்திரம் போன்றவை 21; நம் உரலும் இங்கேதான் வரும். மின் அரைவை இயந்திரம் 7, மின்சாரச் சோற்றுப் பானை 11. நாளைக்கு இதே பெயரில் மின் உரல் செய்யும் எண்ணம் இருந்தால் 7ஆம் வகுப்பையும் இப்போதே தேடிப் பாருங்கள்.

மைப்போ இணையதளத்தில் தேடுவது இலவசம். நீங்கள் எழுதும் எழுத்துக்கூட்டலை மட்டும் தேடினால் போதாது. ஒலி ஒத்தவற்றையும் தேட வேண்டும். 'கே'க்குப் பதில் 'சி', 'வி'க்குப் பதில் 'டபிள்யூ', இரட்டை எழுத்துடன், இல்லாமல் என்று பல விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி ஒலித்து, ஒரே மாதிரிப் பொருளுக்கு இருந்தால் அதுவே மறுப்புக்குப் போதும். பிறகு கூகுளிலும் ஷாப்பி, லசாடாவிலும் தேடுங்கள். பதியாமல் விற்றுப் பெயரெடுத்தவருக்கும் வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு. ஆவி என்ற சொல்லிலிருந்து 'ஆவிரா' என்று ஒரு புனைசொல் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அழகாயிருக்கும். தேடினால் அது ஜெர்மானியக் கணினிப் பாதுகாப்பு மென்பொருளின் பெயர் என்று தெரியவரும். வகுப்பு வேறு என்றாலும் இணையத் தேடலில் உங்கள் உரல் எத்தனையாவது பக்கத்தில் வரும்?

2019 விதிமுறைகளின்படி, பொருள் விவரத்தை மைப்போவின் ஆயத்தப் பட்டியலிலிருந்து எடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 ரிங்கிட். சொந்தமாக எழுதினால் 1,100 ரிங்கிட். பட்டியலிலிருந்து எடுப்பது மலிவு மட்டுமல்ல, திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் வாய்ப்பும் குறைவு. ஏற்கப்பட்ட விண்ணப்பம் மைப்போவின் அதிகாரபூர்வ இதழில் வெளியாகி இரண்டு மாதம் எதிர்ப்புக்குத் திறந்திருக்கும். பதிவானால் பத்தாண்டு செல்லும், மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். தக்க காரணமின்றித் தொடர்ந்து மூன்று ஆண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் வேறொருவர் ரத்துச் செய்யக் கேட்க முடியும். உரலின் திருகு அமைப்பைக் காப்பது காப்புரிமை, தோற்றத்தைக் காப்பது தொழில்வடிவமைப்புப் பதிவு. இரண்டும் பெயரிலிருந்து வேறு.

சுருக்கமாக, எஸ்.எஸ்.எம். தொழிலுக்கு, மைப்போ பெயருக்கு. தேடல், விண்ணப்பம், அதன்பிறகே அச்சடிப்பு. இந்த வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

உரலின் மேலும் பெட்டியின் மேலும்

பெயரின் நீளத்தைக் கருவியே ஓரளவு முடிவு செய்யும். உரலின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 157 மில்லிமீட்டர். திருப்பாமல் வாசிக்கக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 50 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் உயரமுள்ள ரோமன் எழுத்து ஒன்றுக்கு இடைவெளியோடு சுமார் 5 மில்லிமீட்டர் அகலம் பிடிக்கும். ஆக, பத்து எழுத்துக்கு மேல் போனால் பெயர் வளைந்து பின்பக்கம் மறையும். 'வலம்புரி' ரோமனில் ஒன்பது எழுத்து, மட்டாக அடங்கும். தமிழிலும் பொறிப்பதானால் ழ, ணை போன்ற நெளிவான எழுத்துகளின் சிறு வளையங்கள் ஆழமில்லாத லேசர் பொறிப்பில் அடைபட்டுவிடும். மாவு படியும் கருவியில் இன்னும் சீக்கிரம் அடையும். முதலில் கழிவுத் தகட்டில் பொறித்து, மாவு தடவிக் கழுவிப் பாருங்கள்.

பெட்டியில் முதல் வரி பெயர், இரண்டாவது வரி பொருள்: 'வலம்புரி', அதன்கீழ் 'இடியாப்ப உரல்', அதன்கீழ் மலாயில் 'அச்சுவான் புத்து மாயாம்'. இரண்டாவது வரியை எக்காலத்திலும் விட்டுவிடக் கூடாது. பெயர் மிகப் புகழடைந்து, பொருளுக்கே பெயராகிவிட்டால் உரிமை கைநழுவும். வெந்நீர்க் குடுவைக்குத் 'தெர்மாஸ்' என்று நாம் எல்லாருமே சொல்கிறோம். அது ஒரு நிறுவனத்தின் முத்திரையாக இருந்தது. மக்கள் பொதுப்பெயராகவே வழங்குகிறார்கள் என்ற காரணத்தால் மற்றவர்களும் அச்சொல்லைப் பயன்படுத்தலாம் என்று 1963இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் விளம்பரத்தில் "ஒரு வலம்புரி வாங்குங்கள்" என்று எழுதாமல் "ஒரு வலம்புரி இடியாப்ப உரல் வாங்குங்கள்" என்றே எழுதுங்கள்.

பதிவு முடியும்வரை பெயருக்கு அருகில் வணிக முத்திரை என்பதைக் குறிக்கும் 'டி.எம்.' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' குறி பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். பதியாத பெயரைப் பதிந்ததாகக் காட்டுவது சட்டப்படி குற்றம். அதனால் முதல் தொகுதிப் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் அச்சடிக்க வேண்டாம். இருநூறு, முந்நூறு போதும். சான்றிதழ் வந்ததும் குறியை மாற்றி அடுத்த தொகுதியை அச்சுக்குக் கொடுக்கலாம்.